அடித்தளக் கல்லாய் மறைந்தவர்: சார்ல்ஸ் ஹாமில்டன் ஹியூஸ்டன்

வரலாற்றில் சிலருடைய பெயர் கோபுரக் கலசமாய் மின்னுகிறது. சிலருடைய உழைப்போ அந்தக் கோபுரத்தைத் தாங்கும் அடித்தளக் கல்லாய் மண்ணுக்குள் மறைந்து கிடக்கிறது. அண்ணாந்து பார்ப்பவர்களின் கண்ணுக்குக் கலசம் தெரியும், கல் தெரியாது.

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டம் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவர் மார்ட்டின் லூதர் கிங். சட்டத் துறை மாணவர்களாக இருந்தால் தர்குட் மார்ஷலின் பெயரும் தெரிந்திருக்கும். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-ஆம் ஆண்டில் தீர்ப்பு வாங்கித் தந்த வழக்கறிஞர் அவர். 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாகவும் பொறுப்பேற்றார். ஆனால், அந்த மார்ஷலை உருவாக்கிய ஆசிரியர் யார்? இந்தக் கேள்வியைக் கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நானும் விழித்தவள்தான். நூலகத்தில் வேறொரு வேலைக்காகப் புரட்டிக்கொண்டிருந்த புத்தகத்தில்தான் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹியூஸ்டன் என்ற பெயரை முதன்முதலில் பார்த்தேன். அன்று எடுத்த புத்தகத்தை மறுநாள்தான் கீழே வைத்தேன். பேரவை நண்பர்களோடு அவரைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலில் பிறந்ததே இக்கட்டுரை.

இளமையும் கல்வியும்

ஹியூஸ்டன் 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. தந்தை வில்லியம் பகலில் அரசு அலுவலகத்தில் எழுத்தராக வேலை செய்து, இரவில் ஹவார்டு பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியில் படித்து வழக்கறிஞர் ஆனவர். தாயார் மேரி சிகை அலங்காரம் செய்து குடும்பத்துக்குக் கைகொடுத்தார். தந்தை இரவுப் பள்ளியில் படித்தவர் என்பதை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்குத் தேவை இருக்கிறது.

படிப்பில் சிறந்து விளங்கிய ஹியூஸ்டன் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய ஆண்டு மாணவர்களில் கறுப்பினத்தவர் அவர் ஒருவரே. 1915-இல் முதல்நிலை மாணவர்களுள் ஒருவராகப் பட்டம் பெற்று, ஊருக்குத் திரும்பி, ஹவார்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார். அப்படியே விட்டிருந்தால் ஒரு நல்ல ஆங்கில ஆசிரியராகவே அவர் வாழ்ந்து முடித்திருக்கக்கூடும். முதல் உலகப் போர் அவருடைய பாதையைத் திருப்பியது.

1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியது. கறுப்பினத்தவர்களுக்கென்று ஐயோவா மாநிலத்தில் தனியாக அமைக்கப்பட்ட அதிகாரிகள் பயிற்சி முகாமில் ஹியூஸ்டன் சேர்ந்தார், அதிகாரியாகவும் ஆனார். தோளில் பட்டை ஏறியதே தவிர மரியாதை ஏறவில்லை. உணவுக்கூடம் தனி, தங்குமிடம் தனி. பிரான்சில் பணியாற்றியபோது ஒருநாள் வான் என்ற ஊரில், வெள்ளையின அமெரிக்கச் சிப்பாய்களின் கூட்டம் ஒன்று அவரையும் உடனிருந்த கறுப்பின அதிகாரிகளையும் சூழ்ந்துகொண்டு கொல்ல முனைந்தது. எதிரி நாட்டின் குண்டுக்குத் தப்பியவர் சொந்த நாட்டுச் சிப்பாய்களின் கையில் மாண்டிருப்பார். உயிரோடு திரும்பினால் சட்டம் படிப்பேன், எதிர்த்து நிற்க முடியாதவர்களுக்காக அந்தச் சட்டத்தைக் கொண்டே போராடுவேன் என்று அந்நாள்களில் அவர் உறுதி பூண்டார்.

1919-இல் படையிலிருந்து விடுபட்டு ஹார்வர்டு சட்டப் பள்ளியில் சேர்ந்தார். ஹார்வர்டு சட்ட ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பின மாணவர் அவரே. 1922-இல் சட்ட இளங்கலைப் பட்டமும், மறு ஆண்டே சட்டத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். உதவிநிதி பெற்று ஸ்பெயின் சென்று மாட்ரிட் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். 1924-இல் வாஷிங்டனில் தந்தையோடு சேர்ந்து வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்; ஹவார்டு சட்டப் பள்ளியில் கற்பிக்கவும் தொடங்கினார்.

இரவுப் பள்ளியின் கதவை மூடியவர்

ஹவார்டு பல்கலைக்கழகம், அடிமை முறை ஒழிந்த சில ஆண்டுகளில், 1867-இல் தொடங்கப்பட்டது. அதன் சட்டப் பள்ளி பல கறுப்பின வழக்கறிஞர்களை உருவாக்கியிருந்தது. ஆனால், 1920-களில் அது மாலை நேர வகுப்புகளைக் கொண்டே இயங்கியது. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் மாலையில் வந்து படித்தார்கள். பள்ளிக்குச் சட்டத் துறை அமைப்புகளின் முழு அங்கீகாரம் இல்லை. வெள்ளையினத்தவர் அதை இரண்டாம் தரப் பள்ளி என்றே பார்த்தனர்.

1929-இல் அப்பள்ளியை நடத்தும் பொறுப்பு ஹியூஸ்டனிடம் வந்தது. அவர் எடுத்த முதல் பெரிய முடிவு, இரவு வகுப்புகளை நிறுத்திவிட்டு முழுநேரப் பகல் பள்ளியாக மாற்றுவது. எதிர்ப்பு வராமல் இருக்குமா? வேலையை விட்டுவிட்டுப் படிக்க வசதியில்லாத ஏழைகள் என்ன செய்வார்கள் என்று பழைய மாணவர்கள் கொதித்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஹியூஸ்டனின் தந்தையே அந்த இரவுப் பள்ளியில் படித்து முன்னேறியவர்தாம். தன் தந்தை ஏறி வந்த ஏணியை மகனே எடுத்துவிட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

எனக்கும் இந்த இடம் உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால், ஹியூஸ்டனின் கணக்கு வேறு. நாளை இந்த மாணவர்கள் வாதாடப்போவது அவர்களைச் சமமாக மதிக்காத நீதிமன்றங்களில். எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்கு மன்னிக்கப்படும் தவறு இவர்களுக்கு மன்னிக்கப்படாது. ஆகவே, ஓரளவு தேர்ந்த நூறு பேரைவிட முழுமையாகத் தேர்ந்த பத்துப் பேரே தேவை என்று அவர் நினைத்தார். 1931-இல் பள்ளிக்கு முழு அங்கீகாரம் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை, கதவுக்கு வெளியே நின்றுவிட்ட சிலருடைய கனவு. சீர்திருத்தம் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

வகுப்பில் அவர் காட்டிய கண்டிப்புக்கு அளவே இல்லை. மாணவர்கள் அவருக்கு இரும்புக் காலணி என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். ஒரு வழக்கைப் பற்றிக் கேட்டால் மேலோட்டமான பதில் செல்லாது. வழக்கறிஞர் என்பவர் சமுதாயத்தைச் செதுக்கும் பொறியாளராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சமுதாயத்தின்மேல் வளரும் ஒட்டுண்ணியாகிவிடுவார் என்பது அவர் ஓயாமல் வலியுறுத்திய கருத்து. நீதிமன்றம், சிறைச்சாலை, காவல் துறை என்று மாணவர்களை நேரில் பார்த்துக் கற்க வைத்தார்.

அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருந்தவர்களுள் ஒருவர்தான் தர்குட் மார்ஷல். அவருடைய சொந்த ஊர் பால்டிமோர். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி அந்த ஊரிலேயே இருந்தது; ஆனால், அங்குக் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. எனவே, விடியலில் எழுந்து இரயிலேறி வாஷிங்டன் வந்து படித்து இரவில் வீடு திரும்பினார். 1933-இல் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். இரண்டாம் இடத்தைப் பிடித்த ஆலிவர் ஹில்லும் பின்னாளில் வர்ஜீனியா மாநிலத்தில் புகழ்பெற்ற உரிமை வழக்கறிஞரானார்.

ஏன் சட்டப் பள்ளிகள்?

ஹியூஸ்டனின் போர்த் திட்டத்தைப் புரிந்துகொள்ள அன்றைய சட்டத்தைச் சற்று அறிய வேண்டும். 1896-இல் பிளெசி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இரயில் பெட்டிகளில் இனங்களைப் பிரித்து உட்கார வைப்பது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று தீர்ப்பளித்தது. தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்பதே அதன் சாரம். தென்மாநிலங்கள் தனியை மட்டும் பிடித்துக்கொண்டன. சமத்தைக் காற்றில் பறக்கவிட்டன. 1934-இல் ஹியூஸ்டன் படக்கருவியோடு தென் கரோலினா சென்று, கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளையும் வெள்ளையினப் பிள்ளைகளின் பள்ளிகளையும் படம் பிடித்தார். ஒரு பக்கம் பலகைக் குடிசை, மறுபக்கம் செங்கல் கட்டடம். வேறு சாட்சி வேண்டுமா?

1935-இல், என்.ஏ.ஏ.சி.பி. என்று அழைக்கப்படும் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் அவரைத் தன் முழுநேர வழக்கறிஞராக அமர்த்தியது. பிளெசி தீர்ப்பை நேரடியாக மோதித் தகர்க்க அன்றைய நீதிமன்றங்கள் தயாராக இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே, மதிலை மோதாமல் அடியிலிருந்து கல் கல்லாக உருவத் திட்டமிட்டார். முதல் கல், சட்டப் பள்ளிகள்.

ஏன் சட்டப் பள்ளிகள்? தென்மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கென்று தொடக்கப்பள்ளிகளாவது பெயருக்கு இருந்தன. சட்டப் பள்ளிகளோ அநேகமாக எங்கும் இல்லை. இல்லாத ஒன்றைச் சமம் என்று எந்த நீதிபதியாலும் சொல்ல முடியாது. புதிதாகக் கட்டலாம் என்றால், ஒருவர் இருவருக்காகத் தனிச் சட்டப் பள்ளி கட்டுவதற்கு ஆகும் செலவு மாநிலங்களைத் திணற வைக்கும். மேலும், நீதிபதிகள் அனைவரும் சட்டம் படித்தவர்கள். நல்ல சட்டப் பள்ளி எது, பெயருக்கு நடக்கும் பள்ளி எது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சிறு பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைப்பது என்றால் கொந்தளிக்கும் மக்கள், வயது வந்த ஒரு சில மாணவர்களைப் பற்றி அவ்வளவு கொந்தளிக்கமாட்டார்கள் என்பதும் அவருடைய கணிப்பு.

கதவைத் தட்டியவர்கள்

முதல் வழக்கு மேரிலாந்தில். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிப் பட்டதாரியான டொனால்டு மரே, மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டப் பள்ளிக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டார். மார்ஷலால் எட்டிப் பார்க்கவும் முடியாதிருந்த அதே பள்ளி. 1935 ஜூன் மாதம் ஆசிரியரும் மாணவரும், அதாவது ஹியூஸ்டனும் மார்ஷலும், பால்டிமோர் நீதிமன்றத்தில் ஒன்றாக நின்று வாதாடி வென்றார்கள். 1936 ஜனவரியில் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. மரே அங்கேயே படித்து 1938-இல் பட்டம் பெற்றார். இன்று அந்தச் சட்டப் பள்ளியின் நூலகம் தர்குட் மார்ஷலின் பெயரைத் தாங்கி நிற்கிறது!

அடுத்து மிசூரி. லாயிட் கெயின்ஸ் என்ற இளைஞரை மிசூரி பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி சேர்க்க மறுத்தது. வேறு மாநிலத்தில் போய்ப் படி, கட்டணத்தை நாங்கள் தருகிறோம் என்றது மாநிலம். கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும் இந்தச் சலுகை, உன் சொந்த மண்ணில் உனக்கு இடமில்லை என்பதன் மறுபெயர். ஹியூஸ்டன் வழக்கை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுசென்றார். அங்கு வாதாடுவதற்கு முன் ஹவார்டில் மாணவர்கள் முன்னிலையில் ஒத்திகை பார்த்தார். 1938 டிசம்பர் 12-ஆம் நாள் ஆறுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. வெள்ளையினத்தவருக்குச் சட்டக் கல்வி தரும் மாநிலம், கறுப்பினத்தவருக்கும் தன் எல்லைக்குள்ளேயே சமமான கல்வியைத் தர வேண்டும் என்றது நீதிமன்றம்.

ஆனால், வெற்றிக்கு உரியவர் வெற்றியை அனுபவிக்கவில்லை. 1939 மார்ச் மாதம் ஒரு மழை இரவில், சிக்காகோவில் தங்கியிருந்த இடத்திலிருந்து அஞ்சல் தலை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கெயின்ஸ் வெளியே போனார். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. என்ன ஆனார் என்பது இன்றுவரை தெரியாது. 2006-இல் மிசூரி பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு சட்டப் பட்டம் வழங்கியது. வாங்குவதற்கு அவர் இல்லை. மேடையில் அழைக்கப்பட்டும் எவரும் எழுந்து வராத ஒரு பட்டமளிப்பை நினைத்துப் பார்க்கிறேன், மனம் கனக்கிறது.

இந்த இடத்தில் என் சிறு அனுபவம் ஒன்று. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற முதல் நாள், வகுப்பில் பேச ஆளின்றிக் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரத்தில் தோழிகள் கிடைத்தார்கள், பயம் போனது. ஓக்லஹோமா சட்டப் பள்ளியில் நீண்ட வழக்குக்குப் பிறகு 1949-இல் சேர்ந்த ஏடா லோயிஸ் சிப்புவேலின் கதையைப் படித்தபோது அந்த நாள் நினைவுக்கு வந்தது. ஆனால், இரண்டையும் ஒப்பிட முடியாது என்பதும் உடனே விளங்கியது. எனக்குக் கடைசி மேசை தற்செயலாக வாய்த்தது. அவருக்கோ பள்ளி நிர்வாகமே வகுப்பின் பின்புறத்தில் தனி நாற்காலி போட்டு, அது கறுப்பினத்தவருக்கானது என்று அறிவிப்பும் மாட்டியிருந்தது. கதவு திறந்துவிட்டால் மட்டும் போதாது, உள்ளே சமமான இருக்கையும் வேண்டும் என்ற அடுத்த போராட்டம் அங்கிருந்து தொடங்கியது.

இறுதி ஆண்டுகள்

1938-இல் உடல்நலம் குன்றியதால் ஹியூஸ்டன் சங்கத்தின் முழுநேரப் பொறுப்பிலிருந்து விலகி வாஷிங்டன் திரும்பினார். பொறுப்பு மார்ஷலின் கைக்குச் சென்றது. ஓய்வெடுத்தாரா என்றால் அதுதான் இல்லை. நீராவி இரயில் எஞ்சினில் கரி அள்ளிப்போடும் கறுப்பினத் தொழிலாளர்களை வெள்ளையினத் தொழிற்சங்கம் வேலையிலிருந்து ஓரங்கட்டியபோது அவர்களுக்காக வாதாடி 1944-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக்கூடாது என்ற ஒப்பந்தங்களுக்கு எதிராக 1948-இல் வென்றார். வேலைவாய்ப்பில் பாகுபாட்டைக் களைய அமைக்கப்பட்ட அரசாங்கக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார். குழு எடுத்த நடவடிக்கைக்கு அதிபர் ட்ரூமன் தடை போட்டதும், 1945 டிசம்பரில் பதவியைத் தூக்கி எறிந்தார்.

இதற்கிடையில் டெக்சஸ் மாநிலத்தில் ஹீமன் சுவெட் என்ற தபால்காரர் 1946-இல் அம்மாநிலப் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். அவரைச் சேர்க்காமல் இருப்பதற்காகவே ஆஸ்டின் நகரக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் மாநிலம் அவசர அவசரமாகத் தனிச் சட்டப் பள்ளி ஒன்றைத் திறந்தது. ஹியூஸ்டன் முன்பே போட்ட கணக்கின்படி மாநிலம் தானாகவே வந்து பொறியில் சிக்கியது. 1950 ஏப்ரல் 4-ஆம் நாள் மார்ஷல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார்.

தீர்ப்பைக் கேட்க ஆசிரியருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1950 ஏப்ரல் 22-ஆம் நாள் ஹியூஸ்டன் மாரடைப்பால் காலமானார். வயது 54. மகனுக்கு அப்போது வயது ஆறு. ஏறத்தாழ ஆறு வாரங்கள் கழித்து, ஜூன் 5-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சுவெட்டின் பக்கம் நின்றனர். சட்டப் பள்ளி என்பது கட்டடமும் புத்தகமும் மட்டுமல்ல; ஆசிரியர்களின் தரம், பழைய மாணவர்களின் செல்வாக்கு, பள்ளியின் பெயர், மாணவர்களிடையே நடக்கும் கருத்துப் பரிமாற்றம் எல்லாம் சேர்ந்ததுதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மாநில மக்கள்தொகையில் 85 விழுக்காட்டினரைச் சேர்ந்த ஒருவர்கூட இல்லாத வகுப்பறையில் எப்படி ஒருவர் வழக்கறிஞராக முடியும் என்றும் சிந்தித்தது. ஒதுக்கி வைத்தலே சமமின்மைதான் என்ற வாசலுக்கு நீதிமன்றம் வந்துவிட்டது.

அந்த வாசலை 1954 மே 17-ஆம் நாள் பிரவுன் வழக்குத் தீர்ப்பு கடந்தது. மார்ஷலும் ஹியூஸ்டனிடம் படித்தவர்களும் பழகியவர்களும் உழைத்த வழக்கு அது. அதே நாளில் வாஷிங்டன் பள்ளிகள் குறித்த வழக்கிலும் வெற்றி கிடைத்தது. அவ்வழக்கின் பெற்றோர்களுக்காக முதலில் பாடுபட்டவர் ஹியூஸ்டன். நோய்வாய்ப்பட்டபோது அதைத் தம் ஹவார்டு நண்பர் ஜேம்ஸ் நேப்ரிட்டிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டுத்தான் கண் மூடினார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

மறைந்த அதே ஆண்டில் என்.ஏ.ஏ.சி.பி. தன் உயரிய ஸ்பிங்கார்ன் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. 1958-இல் ஹவார்டு சட்டப் பள்ளியின் கட்டடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2005-இல் ஹார்வர்டில் அவர் பெயரால் இனமும் நீதியும் குறித்த ஆய்வுக் கழகம் உருவானது. தர்குட் மார்ஷலும் எத்தனை உயரம் சென்ற பின்னும், வழிகாட்டியவர் ஹியூஸ்டன்தான் என்பதைச் சொல்லத் தவறவில்லை.

நண்பர்களே, நாம் இன்று பல்கலைக்கழக வகுப்பில் உட்கார்ந்திருக்கிறோம். யாருக்கு எந்த இருக்கை என்ற அறிவிப்பு நம் நாற்காலியில் இல்லை. கவனமின்றி உட்கார்ந்து எழுந்து போகிறோம். ஒரு நாற்காலிக்காக ஒருவர் வழக்காடினார், ஒருவர் காணாமற்போனார், ஒருவர் 54 வயதில் உழைத்தே மாய்ந்தார் என்பதை ஹியூஸ்டனின் வாழ்க்கை நமக்குச் சொல்கிறது.

அவர் வாழ்ந்த காலத்தில் பிளெசி தீர்ப்பு வீழவில்லை. தாம் வகுத்த திட்டம் முழுமையாக வெல்லுமா என்பது அவருக்கு உறுதியாகத் தெரிந்திருக்கவும் முடியாது. ஆனாலும், தமக்குப் பின் வாதாடப்போகிறவர்களை அவர் கண்டிப்போடு தயார் செய்தார். இந்த ஆண்டு பட்டம் பெற்றுச் செல்லும் அண்ணன்மார்களும் அக்காமார்களும், இனி வரப்போகும் தம்பி தங்கைகளும் இதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். நாம் நடும் மரத்தின் நிழலில் நாமே இளைப்பாற முடியாமல் போகலாம். அதற்காக நடாமல் இருந்துவிட முடியுமா?